என் பெயரில் ஓடியவர்

என் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அடக்கம் என்று யாரும் எண்ண வேண்டாம். எழுதினால் அது எந்தக் குடும்பத்துப் பெயர் என்று கரம்பொனில் ஒரு கேள்வி எழும், என் ஊரான சரவணையில் வேறொரு பதில் வரும், கடைசியில் இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து என்னிடம்தான் வருவார்கள்.

எங்கள் தீவில் அந்தப் பெயருக்குப் பஞ்சமில்லை. சைவக்காரரும் வைத்திருக்கிறார்கள், வேதக்காரரும் வைத்திருக்கிறார்கள். நான் உபதபாலதிபராக இருந்த காலத்தில் என் எல்லைக்குள் மட்டும் அந்தப் பெயரில் ஐந்து பேர் இருந்தார்கள். முதலெழுத்தை நம்பிக் கடிதம் பிரித்தால் சண்டை வரும் என்பதால், நான் அவர்களை வேறு விதமாகப் பிரித்து வைத்திருந்தேன். கனடாவிலிருந்து கடிதம் வருகிறவர், வழக்கால் கோட்டிலிருந்து கடிதம் வருகிறவர், சீட்டுப் பிடித்ததால் எல்லா இடத்திலிருந்தும் கடிதம் வருகிறவர், விளையாட்டுச் சங்கங்களிலிருந்து கடிதம் வருகிறவர், ஒன்றுமே வராதவர். ஒன்றுமே வராதவர் நான்.

இந்தப் பெயரைப் புகழுக்குக் கொண்டுபோனவர்கள் இரண்டு பேர். முதலாமவர் செத்து இருநூறு வருடங்களுக்கு மேல் இருக்கும். ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் பகுதிக்குத் தலைமைக்காரராக இருந்தவர். கோட்டை வேலைக்குக் கல்லுச் சுமக்க ஆட்களைத் தரும்படி ஒல்லாந்தர் கேட்டபோது அவர் மறுத்தார் என்று எனக்குச் சரித்திரம் படிப்பித்த வாத்தியார் சொன்னார். ஆட்களை எல்லாம் கொடுத்துவிட்டுத் தன் வீட்டு ஆட்களை மட்டும் கொடுக்க மறுத்தார் என்று வாத்தியாருக்குப் பிடிக்காத இன்னொரு கதையும் ஊரில் உண்டு. எப்படிப் பார்த்தாலும் அவர் மறுத்தது உண்மை. அதற்காக ஊர்காவற்றுறைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் அவர் பெயரில் ஒரு விளையாட்டு இல்லம் இருக்கிறது. பச்சை நிறம்.

இரண்டாமவர் உயிரோடு இருக்கிறார். கரம்பொன்காரர், கடற்தொழில் செய்கிற வேதக்காரக் குடும்பம். ஞானஸ்நானப் பெயர் வேறு, அது கோவில் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது. இளவயதில் நானூறு மீற்றர் ஓடினார். அதே பாடசாலையில் படித்து, வெறுங்காலோடு ஓடத் தொடங்கி, கொழும்புக்குப் போய், நாடு முழுவதிலுமிருந்து வந்தவர்களை வென்று வந்தார். பிறகு சண்டை வந்தது. ஓடுவதற்கு மைதானமே தேவையில்லை என்கிற காலம் அது. அவரும் எல்லாரையும் போல் குடும்பத்தோடு ஓடினார், அதற்கு யாரும் நேரம் பிடிக்கவில்லை. திரும்பி வந்து மீன்பிடிக்கிறார்.

மூன்றாமவனான என் விளையாட்டு வாழ்க்கையையும் சொல்லிவிடுகிறேன். கந்தோர் விளையாட்டுப் போட்டியில் கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடுகிற ஓட்டத்தில் ஒருமுறை மூன்றாம் இடம் வந்தேன். மூன்று பேர் ஓடினோம்.

பென்சன் எடுத்துச் சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு தை மாதக் காலையில், எனக்கு ஒரு கடிதம் வந்தது. நல்ல தடித்த கடதாசி. பச்சை இல்லம் இருக்கிற அந்தப் பாடசாலையின் வருடாந்த மெய்வல்லுநர் போட்டிக்குப் பிரதம விருந்தினராக வரும்படி அதிபர் அழைத்திருந்தார். ‘விளையாட்டுத் துறையில் தாங்கள் நாட்டிய சாதனைகளை எமது மாணவர்கள் என்றும் முன்மாதிரியாகக் கொள்வர்’ என்று இரண்டாவது பந்தியில் இருந்தது.

நான் வாழ்நாள் முழுவதும் கடிதம் பிரித்தவன். முதல் பந்தியை வாசிக்கும்போதே இது கரம்பொனுக்குப் போக வேண்டிய கடிதம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் உறையில் சரவணை என்று போட்டிருந்தது, என் வீட்டு ஒழுங்கை போட்டிருந்தது, என் பெயர் முழுதாக இருந்தது. விலாசம் சரியான கடிதத்தைத் திருப்பி அனுப்பத் தபால் சட்டத்தில் இடமில்லை. கொஞ்சம் முயன்றால் மனிதனுக்கு எந்தச் சட்டமும் துணைக்கு வரும்.

மனைவி கடிதத்தை வாங்கிக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தாள்.

“ஆருக்கு வந்த கடிதம் இது?”

“என்ர பேர்தானே போட்டிருக்கு.”

“பேர் உங்கட. சாதனை ஆற்றை?”

அன்று பின்னேரம் அதிபருக்குத் தொலைபேசி எடுத்து உண்மையைச் சொல்லிவிடுவதாக முடிவு செய்தேன். எடுத்தேன். வெளியூரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த இளம் அதிபர். நான் பெயரைச் சொன்னதும், “சேர், உங்கட குரலைக் கேக்கவே சந்தோசமாயிருக்கு. பிள்ளையள் எல்லாம் உங்களைத்தான் எதிர்பாத்துக்கொண்டிருக்கினம்” என்றார். என் குரலைக் கேட்டு யாராவது சந்தோசப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. தபால் கந்தோரில் முப்பத்தைந்து வருடம் “முத்திரை முடிஞ்சுது, நாளைக்கு வாங்கோ” என்று சொன்ன குரல் இது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “எத்தனை மணிக்கு வரவேணும்?” என்று கேட்டேன்.

போட்டியன்று மனைவி என் வெள்ளைக் களிசானை அழுத்தித் தந்தாள். மகனின் கலியாணத்துக்கு வாங்கிய சப்பாத்தைத் துடைத்து வைத்தாள்.

“ஓடச் சொன்னா என்ன செய்வியள்?”

“பிரதம விருந்தினரை ஆரும் ஓடச் சொல்லுறேல்லை. நீர் வரேல்லையோ?”

“நான் வந்தா சிரிச்சுப் போடுவன். நீங்கள் போட்டு வாங்கோ.”

பாடசாலையிலிருந்து ஓட்டோ அனுப்பியிருந்தார்கள். ஓட்டோக்காரர் கரம்பொன் பக்கத்துப் பெடியன், முப்பது வயதிருக்கும். கண்ணாடியில் என்னை அடிக்கடி பார்த்துக்கொண்டு வந்தவர் கடைசியில் கேட்டார்.

“ஐயா இப்ப ஓடுறேல்லையோ?”

“இல்லை.”

“எப்ப விட்டனீங்கள்?”

“அது கனகாலம்.”

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

மைதான வாசலில் பாண்ட் வாத்தியம் நின்றது. கழுத்தில் மாலை விழுந்தது. இரண்டு பக்கமும் பிள்ளைகள் கொடி பிடித்து நிற்க, நடுவில் நான் நடந்தேன். மேளத்தின் அடிக்கு என் கால் தானாகவே சேர்ந்துகொண்டது. உண்மையைச் சொன்னால், அந்த ஐம்பது அடி தூரத்துக்கு நான் ஓடியவன்தான் என்று எனக்கே ஒரு நம்பிக்கை வந்தது. நெஞ்சு நிமிர்ந்தது. மனைவி வராதது நல்லதாய்ப் போயிற்று.

கொட்டகையில் நடுக்கதிரை எனக்கு. பக்கத்தில் அதிபர், மற்றப் பக்கத்தில் கல்விக் கந்தோரிலிருந்து வந்த ஒரு அதிகாரி. முன்னால் மேசை, மேசையில் சோடா, கேக், வாழைப்பழம். அறிவிப்பாளர் தமிழ் படிப்பிக்கிற இளம் ஆசிரியர். அவருக்கு ஒலிவாங்கி கிடைத்தது அந்த வருடத்தில் அதுதான் முதல்தடவை போலிருக்கிறது.

“ஒல்லாந்தரை எதிர்த்து நின்ற அதே பெயர். காற்றை எதிர்த்து ஓடிய அதே பெயர். இன்று நம் முன்னே அமர்ந்திருக்கும் அதே பெயர்.”

கடைசி வசனத்தில் மட்டும் பிழையில்லை. அமர்ந்திருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

சனம் கைதட்டியது. கைதட்டியவர்களை ஒரு பார்வை பார்த்தேன். மைதானத்தில் அரைவாசிப் பேருக்கு நான் யாரென்று தெரிந்திருக்கும், அவர்களில் எத்தனையோ பேருக்கு நான் முத்திரை விற்றிருக்கிறேன். ஆனால் ஒருவரும் எழும்பி ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊர்ச் சனம் ஒரு பிழையைத் திருத்துவதைவிட அது எங்கே போய் முடிகிறது என்று பார்ப்பதில் பொறுமை உள்ளவர்கள்.

அணிநடை வந்தது. தீபம் ஏற்றினேன். பேசச் சொன்னார்கள். “பிள்ளைகளே, வேகமாகப் போவது முக்கியம். அதைவிடப் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேருவது முக்கியம்” என்றேன். நான் சொன்னது கடிதங்களைப் பற்றி. பலத்த கைதட்டல். அதிகாரி தன் குறிப்புப் புத்தகத்தில் அதை எழுதிக்கொண்டார்.

பிறகு ஓட்டங்கள் தொடங்கின. தொடங்கின என்று சத்தத்தை வைத்துத்தான் சொல்கிறேன். கொட்டகைக்கு முன்னால் நேரம் பிடிக்கிற ஆசிரியர்களும், பெயர் எழுதுகிற ஆசிரியர்களும், அவர்களுக்குக் குடை பிடிக்கிறவர்களும் நின்றார்கள். வெடி கேட்கும், சனம் கத்தும், முதுகுகளுக்கு நடுவே ஏதோ ஒரு நிறம் போகும். ஒலிபெருக்கியில் மட்டும் என் பெயர் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. பச்சை இல்லத்தின் பெயர் அதுதானே.

என் பெயர் உயரம் பாய்தலில் தடியைத் தட்டியது. என் பெயர் குண்டெறிதலில் கோட்டை மிதித்து விலக்கப்பட்டது. அஞ்சலோட்டத்தில் என் பெயர் முன்னுக்கு வந்துகொண்டிருந்து, மூன்றாவது கைமாற்றத்தில் கோலை நிலத்தில் போட்டது. அதிபர் என் பக்கம் குனிந்து, “மன்னிக்கோணும் சேர்” என்றார், கோலை நானே போட்டதுபோல. “பரவாயில்லை” என்றேன், அதை நானே போட்டதுபோல.

மூன்று மணித்தியாலம் அப்படிப் போனது. இருந்த இருப்பில் இடுப்பும் நாரியும் நோகத் தொடங்கியிருந்தன. அப்போதுதான் அறிவிப்பாளர் புதிய உற்சாகத்தோடு வந்தார்.

“அடுத்த நிகழ்வு, பழைய மாணவருக்கும் விருந்தினருக்குமான ஐம்பது மீற்றர் ஓட்டம். நம் பிரதம விருந்தினர் மீண்டும் ஒருமுறை மண்ணில் கால் பதிப்பதைக் காணும் பாக்கியம் நமக்கு.”

அதிபரைப் பார்த்தேன். அவர் எனக்கு முதலே எழும்பி நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் வருத்தம் என்று சொல்ல வாயெடுத்தேன். கைதட்டலில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

கோட்டில் ஏழு பேர் நின்றோம். கல்விக் கந்தோர் அதிகாரி, வயிறு ஒன்றரை அடி முன்னுக்கு. ஒரு பல் வைத்தியர். சுவிசிலிருந்து விடுமுறையில் வந்து நின்ற ஒருவர், ஓடுவதற்கென்றே உடுப்போடு வந்திருந்தார். இரண்டு வான் ஓட்டுநர்கள். வங்கியில் வேலை செய்கிற ஒருவர். பிறகு நான். பல் வைத்தியர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, “உங்களோட ஓடினனெண்டு என்ர பிள்ளையளுக்குச் சொல்லுவன்” என்றார்.

வெடி வைத்தார்கள். நான் அந்தச் சத்தத்துக்குப் பழைய பழக்கத்தில் ஒருமுறை குனிந்துவிட்டேன். நிமிர்ந்து பார்க்கும்போது மற்ற ஆறு பேரும் போய்விட்டார்கள். சரி, போகட்டும் என்று விட முடியாது, ஓட வேண்டும். ஓடினேன். சப்பாத்து வழுக்கியது. மாலையைக் கழற்ற மறந்திருந்தேன், அது முகத்தில் அடித்துக்கொண்டு வந்தது. அதிகாரியின் முதுகு எனக்கு முன்னால் பத்தடியில் போனது. அவரையாவது பிடிக்கலாம் என்று நினைத்தேன். அவரும் என்னையாவது விடக்கூடாது என்று நினைத்திருக்கிறார்.

கடைசியாக வந்தேன். அறிவிப்பாளர் கைவிடவில்லை.

“பார்த்தீர்களா பெருந்தன்மையை. வென்று வென்று அலுத்தவர், மற்றவர்களுக்கு வழிவிட்டு வருகிறார்.”

அன்றைய நாளின் பெரிய கைதட்டல் அதற்குத்தான் கிடைத்தது.

முடிவுக் கோட்டுக்கு அப்பால் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். மூச்சு உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. யாரோ ஒருவர் கயிற்றுக்கு மேலால் ஒரு போத்தல் தண்ணீரை நீட்டினார். குடித்துவிட்டு நிமிர்ந்தேன். சாரம், வெள்ளைச் சேட், தோளில் துவாய். கடல் வெயிலில் கறுத்து இறுகிய முகம். கரம்பொன்காரர். அவருடைய கடிதங்களை இருபது வருடம் என் கையால் பிரித்துக் கொடுத்திருக்கிறேன்.

“நீர் காலைத் தூக்கேல்லை. இழுத்தனீர்” என்றார்.

“எனக்கு ஏலாது அண்ணை.”

“அது தெரியுது. வெடிக்கு ஏன் குனிஞ்சனீர்?”

“பழக்கம்.”

அவர் தலையாட்டினார். அதற்கு மேல் அதைக் கேட்கவில்லை. எனக்கு மூச்சு கொஞ்சம் திரும்பி வந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

“அண்ணை, கோவிக்காதேங்கோ. இது உங்களுக்கு வந்த அழைப்பு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் வந்தனான்.”

“எனக்கும் தெரியும். நான்தான் உம்மட விலாசம் குடுத்தனான்.”

அவர் கயிற்றில் சாய்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னார்.

“போன வருசமும் அதுக்கு முதல் வருசமும் கடிதம் போட்டவை. நான் மறுமொழி போடேல்லை. இந்த முறை விளையாட்டு வாத்தியார் நேர துறைக்கே வந்திட்டார். நான் கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருக்கிறன். என்ர பேரைச் சொல்லி, அவர் இருக்கிறாரோ எண்டு என்னட்டையே கேக்கிறார். சாரத்தோட இருக்கிறவன் அவராயிருக்க மாட்டானெண்டு நினைச்சிருக்கிறார் போல. நானும், ஓம், அந்தப் பேரில சரவணையில ஒருத்தர் இருக்கிறார், தபால் கந்தோரில இருந்து பென்சன் எடுத்தவர் எண்டு சொன்னன். பொய் ஒண்டும் சொல்லேல்லை.”

களவாக ஒரு கதிரையில் ஏறி இருந்துவிட்டேன் என்று மூன்று மணித்தியாலமாக உள்ளுக்குள் கூசிக்கொண்டிருந்தவன் நான். அந்தக் கதிரையிலிருந்து தப்புவதற்காக ஒருவர் என்னைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்கு வேண்டிய மூச்சு இருக்கவில்லை.

“ஏன் அண்ணை, வந்து இருந்தா என்ன?”

“ஒருக்கா வேற பள்ளிக்கூடத்தில இருந்து பாத்தனான். அந்தக் கொட்டகைக்குள்ள இருந்தா ஓட்டம் தெரியாது. வாத்திமாற்றை முதுகுதான் தெரியும். இஞ்ச நிண்டாத்தான் காலைப் பாக்கலாம். வருசா வருசம் இதிலதான் நிப்பன்.” பிறகு கையை உயர்த்தி, “கொஞ்சம் பொறும்” என்றார்.

பெண்பிள்ளைகளின் இருநூறு மீற்றருக்கு வெடி கேட்டது. இந்த முறை நான் குனியவில்லை. அவர் கண் வளைவில் வருகிற பிள்ளைகளின் கால்களை விட்டு அசையவில்லை. நானும் பார்த்தேன். அன்று முழுவதும் நான் கண்ணால் கண்ட ஒரே ஓட்டம் அது. ஆறு பிள்ளைகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள், மூச்சுச் சத்தம் கேட்கும் அளவுக்குக் கிட்ட. நீல இல்லத்துப் பிள்ளை முதலாவதாக வந்தாள். என் பெயர் வழக்கம்போல் பின்னால் வந்தது.

ஒலிபெருக்கி என்னை மேடைக்கு அழைத்தது. “போம், போம். கேக் தருவினம்” என்றார் அவர்.

பரிசு கொடுத்தேன். பச்சை இல்லம் மூன்றாம் இடம், மொத்த இல்லமும் மூன்று. கடைசியில் அதிபர் எனக்கு ஒரு கேடயம் தந்தார். மரப் பலகையில் செப்புத் தகடு பதித்தது. தகட்டில் பெயர், கொழும்பில் ஓடிய போட்டி, ஓடி முடித்த நேரம் எல்லாம் பொறித்திருந்தது. நான் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். படம் எடுத்தார்கள்.

அந்தப் படம் இரண்டு நாளில் பாடசாலையின் முகநூல் பக்கத்தில் வந்தது. மகள் பிரான்சிலிருந்து அதைப் பார்த்துவிட்டுத் தாய்க்குத் தொலைபேசி எடுத்து, அப்பாவுக்கு என்ன நடந்தது என்று கேட்டாளாம். படத்தின் கீழே ஓட்ட வீரரின் சாதனை, அதற்குக் கீழே அவர் ஒல்லாந்தரை எதிர்த்த தலைமைக்காரரின் வழித்தோன்றல் என்று யாரும் கேட்காத ஒரு தகவல். கனடாவிலிருந்து ஒருவர், “அண்ணை இப்ப நல்லா வெள்ளையா நிறத்திட்டார்” என்று எழுதியிருந்தார். இன்னொருவர், “உயரமும் குறைஞ்சிட்டுது போல” என்று எழுதியிருந்தார். மூன்றாமவர், தானும் அந்த ஓட்டத்தைக் கொழும்பில் நேரே பார்த்ததாகவும் முகம் கொஞ்சமும் மாறவில்லை என்றும் எழுதியிருந்தார்.

கேடயத்தை மனைவி அலுமாரிக்கு மேல் வைக்கவில்லை. மேசையில் வைத்து, நான் சாப்பிடுகிற இடத்துக்கு நேர் எதிரே திருப்பி வைத்தாள். நாலாம் நாள் நான் அதைக் கடதாசியில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கரம்பொனுக்குப் போனேன்.

அவர் வீட்டு முற்றத்தில் வலையை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். அவருடைய மனைவி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. கேடயத்தை நீட்டினேன்.

“இது உங்கட. என்ர வீட்டில இருக்கக் கூடாது.”

“என்னத்துக்கு எனக்கு” என்றபடி கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார். முன்பு அவரிடம் கோப்பைகள் பதினொன்று இருந்ததாம். இடப்பெயர்வில் எல்லாம் போய்விட்டன. “ஒரு கப்பில ஆரோ கிணத்தடியில வாளிக்குப் பதிலாத் தண்ணி அள்ளிக்கொண்டு நிண்டவனெண்டு பிறகு சொன்னாங்கள். அதாவது பிரயோசனப்பட்டுது” என்று அவர் சிரித்தார். அவருடைய மனைவி சிரிக்கவில்லை.

பிறகு உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து வந்து தகட்டை வாசித்தார். வாசித்து முடித்து, மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். முகம் மாறிவிட்டது.

“நேரம் பிழை.”

“என்னண்ணை?”

“நேரம் பிழை. இது என்ர நேரமில்லை. ரெண்டாவதா வந்தவன்ர நேரம்.”

தகட்டில் இருந்ததற்கும் அவர் சொன்ன சரியான நேரத்துக்கும் ஒரு செக்கன்கூட வித்தியாசம் இல்லை, அதற்கும் குறைவுதான். ஆனால் எத்தனையோ இழந்தும் சிரிக்கிற அந்த மனிதர் அன்று அந்தச் சின்ன வித்தியாசத்துக்குச் சிரிக்கவில்லை. என் முகம் அவர் இடத்தில் இருந்தது அவருக்குப் பரவாயில்லை. கதிரையில் நான் இருந்ததும் பரவாயில்லை. தோற்றவனின் நேரத்தைத் தன் பெயருக்குப் பக்கத்தில் போட்டதுதான் ஏலாது.

“அவன் எனக்குப் பின்னாலை வந்தவன்” என்றார். “காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. இவ்வளவு தூரம் இருக்கும்.” வலையின் மேல் கையை அகட்டிக் காட்டினார். ஒரு பாகம், ஆறடி இருக்கும். அந்தக் கையை அவர் கொஞ்ச நேரம் மடக்கவில்லை.

எனக்கு மாலை விழுந்ததும் சோடா குடித்ததும் அப்போதுதான் உண்மையில் வெட்கமாக வந்தது. கேடயத்தைத் திரும்பச் சுற்றிக்கொண்டு, “நான் பாக்கிறன் அண்ணை” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பாடசாலைக்கு ஒரு கடிதம் எழுதினேன். தகட்டில் நேரம் பிழையாகப் பொறிக்கப்பட்டுள்ளது, சரியான நேரம் இதுதான், திருத்தித் தரவும். பத்து நாளில் பதில் வந்தது. பாடசாலையின் பழைய பதிவேடுகள் சண்டைக் காலத்தில் அழிந்துவிட்டபடியால், சம்பந்தப்பட்டவர் தாமே எழுத்தில் உறுதிப்படுத்திக் கையொப்பமிட்டால் ஆவன செய்யப்படும்.

சம்பந்தப்பட்டவரின் பெயர் எது என்பதில் பாடசாலைக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. உட்கார்ந்து யோசித்து எழுதினேன். ‘கீழே காணும் பெயருடையவர் மேற்படி ஓட்டத்தை ஓடி முடித்த நேரம் மேலே குறிப்பிட்டதே என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.’ கீழே பெயரை எழுதிக் கையொப்பமிட்டேன். நான் ஓடினேன் என்று எங்கேயும் எழுதவில்லை. முப்பத்தைந்து வருட அரச சேவை வீணாகப் போகவில்லை.

மனைவி அதை வாசித்துவிட்டு, “உங்கட பேரால நடந்த முதல் உருப்படியான காரியம்” என்றாள்.

புதிய தகட்டை அதிபர் தானே கொண்டுவந்தார். இதற்கிடையில் கல்விக் கந்தோரில் யாரோ அவருக்கு விசயத்தைச் சொல்லிவிட்டார்கள். விறாந்தைக் கதிரையில் நுனியில் இருந்துகொண்டு, தேத்தண்ணியைத் தொடாமல், தொடங்கினார்.

“சேர், ஒரு விசயம் கேக்க வேணும். நீங்கள் உண்மையில ஓடினனீங்களோ?”

“ஓடினனான். ஐம்பது மீற்றர். நீங்களும் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்.”

அவர் நெற்றியைத் தடவினார். நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். கடிதம் வந்ததிலிருந்து, தெரிந்துகொண்டு போனதுவரை, ஒன்றையும் மறைக்கவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கவலை வேறாக இருந்தது.

“அறிக்கை மேலிடத்துக்குப் போட்டுது சேர். படத்தோட. இனி அதைத் திருத்த ஏலாது. நீங்கள் இதை வெளியில விடாம இருந்தீங்களெண்டா…”

“தீவு முழுக்கத் தெரியும்.”

“தீவுக்குத் தெரிஞ்சாப் பரவாயில்லை சேர். கந்தோருக்குத் தெரியாம இருந்தாச் சரி.”

கந்தோரில் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது என்பதை நான் நினைவூட்டவில்லை. அப்படியானால் உண்மையான வீரர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். கரம்பொன் துறையில் வலை பொத்துகிறார், உங்கள் விளையாட்டு ஆசிரியர் அவரோடு ஏற்கனவே பேசியிருக்கிறார் என்றேன். அதிபர் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார்.

அடுத்த நாள் தகட்டை மாற்றிய கேடயத்தோடு மறுபடி கரம்பொனுக்குப் போனேன். அவர் கண்ணாடி போட்டு, நேரத்தை விரலால் தடவித் தடவி மூன்று முறை வாசித்தார். மனைவியைக் கூப்பிட்டு அவவையும் வாசிக்கச் சொன்னார். அவ வாசித்துவிட்டு, முந்தானையால் தகட்டைத் துடைத்து, உள்ளே கொண்டுபோய் மாதாவின் படத்துக்குக் கீழே வைத்தா.

“இப்ப சரி” என்றார் அவர். அவ்வளவுதான். பிறகு காற்று மாறியிருப்பது பற்றியும், இந்த வருடம் நண்டு குறைவு என்பது பற்றியும் கதைத்தார். நான் வலையின் ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன், பிடிக்கச் சொல்லித் தந்திருந்தார். வெயில் சாய்ந்த பிறகு சைக்கிளை எடுத்தேன்.

வீட்டில் மனைவி கேட்டாள். “குடுத்திட்டீங்களோ?”

“ஓம்.”

“நன்றி சொன்னவரோ?”

“இல்லை.”

“நல்ல மனிசன்” என்றாள். குசினிக்குள் போய் எனக்குச் சோறு போட்டாள்.